படியிலிருந்த சலேம்

கல்முனையில் என் வகுப்பிலுள்ளோர் பெரும்பாலும் முஸ்லிம் மாணவர். மூஸா நபி இஸ்ரவேலரைப் பிர்அவ்னின் கொடுமையினின்று மீட்டுக் கடல் கடத்திய வரலாற்றை நான் தொடங்குமுன்னரே அவர்கள் சொல்லி முடித்துவிடுவர். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவில் அதனை நினைந்து, அன்று மீட்கப்பட்டோர் தாமே என எண்ணிக்கொள்வது யூதர் கடன். அந்நியரை ஒடுக்கலாகாது என்று தோரா பன்முறை விதிப்பதும் அவ்வடிமை நாளை நினைவூட்டியேயாம். இவ்வறத்தைத் தம்மவர்க்கே கற்பிக்க நேர்ந்த ஒருவர் கொச்சியில் வாழ்ந்தார். அவரே ஆபிரகாம் பாரக் சலேம்.

1882ஆம் ஆண்டில் பிறந்த சலேம் மட்டாஞ்சேரி யூதத் தெருவினர். அங்குள்ள பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. அதனை ஆண்டோர் பிறநாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். சலேமின் முன்னோரோ விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் எனப்பட்டனர். அவர்கள் கூடத்தினுள் இருக்கைகளில் அமரலாகாது. தோரா ஓத அழைக்கப்படார். அவர்க்கு இடுகாடும் வேறு. முறைப்படி விடுதலை பெற்றவன் முழு யூதனே என்பது அவர்தம் சமயச் சட்டம். 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்கு எகிப்து நாட்டுப் பேரறிஞர் தாவீது இபுன் அபி சிம்ரா அவ்வாறே தீர்ப்புரைத்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. வழக்கத்தின் வலிமையை நம்மவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சலேம் சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரை கொச்சிச் சட்டசபையில் அமர்ந்தார். 1929இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றுவந்தார். தொழிலாளர்க்காகவும் குரல் கொடுத்தார். சட்டசபையில் இருக்கை பெற்றவர்க்குத் தொழுகைக்கூடத்தில் இருக்கையில்லை! முதலில் அவர் கூடத்துக்குச் செல்வதையே சிலகாலம் விடுத்தார். வராதவனை யார் தேடுவர்? பின்னர்க் காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்டார். 1924இல் அண்டைத் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததை நாம் அறிவோம். சலேம் தொழுகைக்கூடத்தின் படிகளில் அமர்ந்தார். உள்ளே செல்வோர் அவரைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. விலகி நின்ற சினத்தினின்று, அருகிருந்து மனத்தை மாற்றும் பொறைக்கு அவர் வளர்ந்தது இங்கேதான் என்பது என் துணிபு. வாதாடிப் பிழைத்தவர் வாளாவிருக்கக் கற்றாரே, அஃது எளிதன்று.

தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் 1950இல் அவர் மகன் மறுபிரிவுப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடைபெற இயலாது பம்பாயில் நடந்தது. அந்தப் பத்தாண்டிலேயே கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்காகப் பேச்சு நடத்திய சலேம், தாம் கொச்சியிலேயே தங்கி, 1967இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கூறியபோது மாணவனொருவன், அடிமை வாழ்வை ஆண்டுதோறும் நினைந்தவர்கள் அவ்வாறு செய்தது எங்ஙனம் என்று வினவினான். என் இளமையில் எங்களூர்க் கோயிலின் வெளிவீதியில் நின்றே கும்பிட்டுத் திரும்பியவர்களைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். அன்று நான் உள்ளே நின்று தேவாரம் பாடிக்கொண்டிருந்தேன்.