அமீர்களை ஏலத்தில் விட்ட காழி

மதரஸாவில் ஷாஃபிஈ சட்ட நூல்களை ஓதியபோது, இப்னு அப்திஸ்ஸலாம் என்ற பெயரை அடிக்கடி கடந்து போயிருக்கிறோம். ஆசிரியர் ஒருநாள் கிதாபை மூடி வைத்துவிட்டு அவருடைய வரலாற்றைச் சொன்ன பிறகுதான், அந்தப் பெயரின் கனம் நமக்குப் புரிந்தது. பின்னர் கல்லூரியில் ஆட்சியும் நீதித்துறையும் தனித்தனியே இயங்க வேண்டும் என்ற பாடம் வந்தபோது, நம் நினைவுக்கு முதலில் வந்தவரும் அவர்தான்.

இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) ஹிஜ்ரி 577இல் டமாஸ்கஸில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வயது கடந்தே கல்வி கற்கத் தொடங்கினார். ஆனாலும் அந்நகரின் உமய்யா பெரிய பள்ளிவாசலின் கதீபாக உயர்ந்தார். கி.பி. 1240ஐ ஒட்டிய காலத்தில், டமாஸ்கஸ் ஆட்சியாளர் ஸாலிஹ் இஸ்மாயீல் எகிப்து சுல்தானுக்கு எதிராகச் சிலுவைப் படையினருடன் கூட்டுச் சேர்ந்தார். கோட்டைகளை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். நகரில் வந்து ஆயுதம் வாங்கவும் அனுமதித்தார். அவர்களுக்கு ஆயுதம் விற்பது ஹராம் என்று இமாம் ஃபத்வா கொடுத்தார். குத்பாவில் அந்த ஆட்சியாளருக்காகச் செய்துவந்த துஆவையும் நிறுத்தினார். பதவி போனது, சிறையும் வந்தது. விடுதலையானபின், ஹிஜ்ரி 639இல் எகிப்து சென்றார்.

அங்கே சுல்தான் ஸாலிஹ் அய்யூப் அவரை வரவேற்று, காழியாகவும் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலின் கதீபாகவும் நியமித்தார். நன்றிக்கடனுக்காக வளைந்துகொடுப்பார் என்று எவரேனும் எண்ணியிருந்தால், அது விரைவில் பொய்த்துப்போனது.

அன்று எகிப்தின் படையும் அதிகாரமும் மம்லூக் அமீர்களிடம் இருந்தன. அவர்களில் பலர் பைத்துல்மால் பணத்தில் வாங்கப்பட்ட அடிமைகள். முறைப்படி விடுதலை செய்யப்படாதவர்கள். அப்படியானால் அவர்கள் இன்னும் பைத்துல்மாலின் உடைமை. அவர்கள் செய்த கொடுக்கல் வாங்கலும் திருமணமும் செல்லாது என்று இமாம் தீர்ப்பளித்தார். அவர்களை ஏலத்தில் விற்று, பணத்தைப் பொது நலனில் சேர்த்து, பின்பு விடுதலை செய்வதே வழி என்றார். அந்த அமீர்களில் ஒருவர் சுல்தானின் பிரதிநிதி என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அமீர்கள் கொதித்தார்கள். இது காழியின் வேலையல்ல என்று சுல்தானும் கடிந்தார். இமாம் வாதாடவில்லை. வீட்டுச் சாமான்களைக் கழுதைமேல் ஏற்றி, குடும்பத்தோடு கெய்ரோவை விட்டுப் புறப்பட்டார். செய்தி பரவியதும் ஆலிம்கள், வணிகர்கள், பெண்கள், சிறுவர்கள் என ஊரே பின்தொடர்ந்தது. அவர் போனால் ஆட்சியும் போகும் என்று எச்சரிக்கப்பட்ட சுல்தான், தாமே சென்று சமாதானம் செய்து அழைத்து வந்தார். அமீர்கள் ஒவ்வொருவராக ஏலம் விடப்பட்டார்கள். விலையை முழுமையாகப் பெற்று, நற்பணிகளில் செலவிட்டார்.

மற்றொரு சம்பவம். சுல்தானின் அரண்மனை நிர்வாகி ஃபக்ருத்தீன் ஒரு பள்ளிவாசலின் மேல் முரசு மண்டபம் கட்டினார். அதை இடிக்கத் தீர்ப்பளித்த இமாம், அவருடைய சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அறிவித்துவிட்டு, காழி பதவியிலிருந்து தாமாகவே விலகினார். இதனால் தமக்கு என்ன இழப்பு என்று ஃபக்ருத்தீன் நினைத்தார். பின்னர் சுல்தானின் தூதர் ஒருவர் பக்தாதில் கலீஃபாவிடம் செய்தி சொன்னபோது, அதைச் சுல்தானின் வாயால் கேட்டீரா என்று வினவப்பட்டது. ஃபக்ருத்தீன் மூலம் கேட்டதாகச் சொன்னதும், இப்னு அப்திஸ்ஸலாம் தள்ளிய சாட்சியை ஏற்க முடியாது என்று கலீஃபா மறுத்துவிட்டார். தூதர் எகிப்துக்குத் திரும்பி, சுல்தானிடமே நேரில் கேட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. பதவி இல்லாத காழியின் தீர்ப்பு பக்தாத் வரை செல்லுபடியானது!

மங்கோலியரை எதிர்க்க மக்களிடம் வரி வசூலிக்கலாமா என்று சுல்தான் குதுஸ் காலத்தில் கேட்கப்பட்டது. முதலில் பைத்துல்மால் காலியாக வேண்டும். படைத்தலைவர்கள் தங்கள் பொன் ஆபரணங்களை விற்று, குதிரையும் ஆயுதமும் தவிர மற்றவற்றில் மக்களுக்குச் சமமாக வேண்டும். அதன் பிறகே மக்களிடம் கைவைக்கலாம் என்றார் இமாம். 1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் தோற்றனர்.

ஆட்சியாளரிடம் காட்டிய கண்டிப்பைத் தம்மிடமும் காட்டினார். ஒருமுறை தாம் கொடுத்த ஃபத்வா தவறு என்று தெரிந்ததும், அதன்படி யாரும் செயல்பட வேண்டாம், தவறு என்னுடையது என்று ஊரெங்கும் பறைசாற்றச் செய்தார். மரணத் தறுவாயில் அவருடைய பொறுப்புகளை மகன்களுக்குத் தருவதாக சுல்தான் பைபர்ஸ் சொன்னபோது, அதற்குத் தகுதியானவர் அவர்களில் இல்லை என்று மறுத்து, தாம் பாடம் நடத்திய மதரஸாவுக்கு வேறொரு அறிஞரைப் பரிந்துரைத்தார். ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்தார்.

அன்று நீதிபதியைக் காக்க அரசியல் சட்டம் கிடையாது. நியமித்த சுல்தான் நினைத்தால் நீக்கலாம். அந்த நிலையிலும் அவர் நிமிர்ந்து நின்றதற்குக் காரணம், பதவியை எந்நேரமும் விட்டுச் செல்ல அவர் தயாராக இருந்ததே. இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது; ஓய்வுக்குப் பிந்தைய பதவி மீதான ஆசை அதை உள்ளிருந்தே அரித்துவிடலாம். நம் ஜமாஅத் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்ல அமர்பவருக்கும் இது பொருந்தும். வசதியானவரின் வழக்கு வரும்போது நம் நாக்கு தடுமாறுகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

நமக்குப் பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.