மானிப்பாய்க்கு வந்த வைத்தியர்

சில வருடங்களுக்கு முன் நம் பழைய மாணவியர் சிலர் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் இரண்டு நாள் வைத்திய முகாம் நடத்தினோம். ஒரு திருச்சபையின் ஊழியப் பயணம் அது. வைத்தியர்களும் தாதியருமாகப் போய், பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தோம். மாலை போட்டு வரவேற்றார்கள். லயத்துப் பாட்டி ஒருவர் எங்களைச் சாமி என்றே சொல்லிக் காலில் விழப் போனார். கடைசி நாள் மாலையில், எல்லா மகிமையும் ஆண்டவருக்கே என்று ஜெபித்துப் புறப்பட்டோம்.

வீடு வந்து படங்களைப் பார்த்தபோது மனம் உறுத்தியது. எல்லாப் படங்களிலும் நாங்கள்தான் இருந்தோம். இரண்டு நாளும் ஆட்களை அழைத்து வந்து, வரிசைப்படுத்தி, யாருக்கு என்ன நோய் என்று எங்களுக்குச் சொன்ன மருத்துவமாது ஒன்றிலும் இல்லை. நாங்கள் கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்குத்தான். இரண்டாம் மாதத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

அந்த உறுத்தலோடுதான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வாழ்க்கையை மறுபடி படித்தோம். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயரில் அவரை அறிந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரின் வரலாற்றில் பெரிய பெயர். அங்குள்ள சென்ட்ரல் பூங்கா உருவாக முன்னின்றவர்களில் ஒருவர் அவர். தம்பிக்கும் அந்த நகரில் நல்ல வாழ்வு அமைந்திருக்கும். ஆனால் அவர் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறி, 1847இல் தமது இருபத்தைந்தாம் வயதில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அங்கே அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணி புதியதல்ல. டாக்டர் ஜோன் ஸ்கடரும் டாக்டர் வார்ட்டும் அவருக்கு முன்பே பணி செய்திருந்தார்கள்.

அடுத்த வருடமே, 1848இல், மானிப்பாயில் சில இளைஞர்களைச் சேர்த்து வைத்திய வகுப்பைத் தொடங்கினார். வாந்திபேதி ஊரூராகப் பரவிய காலம் அது. தாம் ஒருவர் எத்தனை நோயாளரைப் பார்த்தாலும் போதாது என்று கண்டுகொண்ட அவர், நோயாளரைப் பார்ப்பதோடு வைத்தியரை உருவாக்குவதையும் தம் வேலையாக்கிக்கொண்டார். அவரிடம் பயின்று வெளிவந்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள்.

1857இல் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அந்த ஐந்து வருடங்களும் அவரிடம் படித்த தமிழ் வைத்தியர்கள் பணியைத் தொடர்ந்தார்கள். வைத்தியர் ஒருவருக்கு இது ஒரு சோதனை. நாம் இல்லாமலும் வேலை நடக்கிறது என்று கேட்டால் நம் உள்ளம் மகிழுமா, சற்று வாடுமா? மகிழும் என்று எங்களால் சட்டென்று சொல்ல முடியவில்லை. கிறீன் 1862இல் தம் மனைவியோடு திரும்பி வந்தபோது, மாணவர்களை இன்னும் ஒரு படி தம்மிடமிருந்து விடுவித்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் படித்தவர்கள் ஊரைவிட்டு உத்தியோகம் தேடிப் போவதையும், தமிழில் படித்தவர்கள் தம் மக்களிடையே தங்குவார்கள் என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் என்று ஒவ்வொரு துறைக்கும் நூல் செய்தார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார். பின்னர் வந்த நூல்களை டான்போர்த், சப்மன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் திருத்திப் பதிப்பித்தார். எல்லாமாக 4,000 பக்கங்களுக்கு மேல் வரும்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எங்கள் நோக்கமல்ல. மக்களைத் தம் சமயத்துக்கு அழைக்கவே வந்தவர் அவர். இம்மண்ணின் வழிபாட்டை அவர் பார்த்த பார்வை நம்மில் பலருக்கு ஏற்காது. மருந்துக்கு வந்தவர்களில் பலர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்காக அவர் சிகிச்சையைக் குறைக்கவில்லை. கிறிஸ்தவராகும் தமிழர் உடையிலும் உணவிலும் வெள்ளையராக மாற வேண்டியதில்லை என்றும் எண்ணினார்.

1873இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதம் வூஸ்டரில் காலமானார். தம் கல்லறைக்குச் செலவில்லாத எளிய கல் போதும் என்று கேட்டிருந்தார். பெயர், பிறந்த இறந்த வருடங்கள், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு, இயேசுவே தமக்கு எல்லாம் என்ற நம்பிக்கை ஆகியவற்றை மட்டுமே அதில் பொறிக்கச் சொன்னார். நூல்களையோ மாணவர் தொகையையோ அவர் சேர்க்கச் சொல்லவில்லை.

கிறீன் மலைநாட்டில் பணி செய்தவரல்லர். அவர் மானிப்பாயில் இருந்த அதே காலத்தில்தான் நம் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். வழியிலேயே வாந்திபேதியில் மாண்டவர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று அரசு சட்டம் இயற்றியது 1872இல்தான். அந்தப் பாதையில் வந்தவர்களின் பேத்திகளும் பூட்டிகளுமே நம் பாடசாலையில் படித்து வைத்தியர்களாகவும் தாதியராகவும் ஆகியிருக்கிறோம். நம்மை ஆளாக்கியவர்களின் பெயர்களும் பெரும்பாலும் எந்தக் கல்லிலும் இல்லை.

மகிமை ஆண்டவருக்கே என்று வாயால் சொல்வது எளிது. கிறீன் அதைத் தம் இடத்தை மற்றவருக்குக் கொடுத்துச் சொன்னார். நாங்கள் மறுபடி அதே தோட்டத்துக்குப் போனபோது, முதலில் மருத்துவமாதுவிடம் உட்கார்ந்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்டோம். மருந்தைவிட, நோயாளர் மாதாமாதம் அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்வர வழி வேண்டும் என்றார். கிளினிக் புத்தகம் இல்லாதவர்களுக்கு அதை எடுத்துக் கொடுப்பதும், வாகன ஒழுங்கு செய்வதும் அந்த வருட வேலையாயிற்று. பதாகையில் எங்கள் பெயர்களைப் போடவில்லை.

இந்த நூற்றாண்டு வருடத்திலும் போக எண்ணியிருக்கிறோம். எங்கே இருந்தாலும் சகோதரிகள் சேரலாம். எந்தச் சமயத்தவராயினும் சேரலாம். இரண்டு நாள் வர முடியாதவர்கள், ஒரு நோயாளரின் ஒரு வருடக் கிளினிக் பயணத்தைப் பொறுப்பேற்றாலும் போதும்.