பெயரற்றவர்களுக்குச் சிலை வடித்த ராய் சௌத்ரி

புது தில்லி:

தலைநகரில் சர்தார் படேல் மார்க்கும் அன்னை தெரசா கிரசென்டும் சந்திக்கும் இடத்தில் 11 வெண்கல உருவங்கள் நடைபோடுகின்றன. முன்னால் கைத்தடியுடன் காந்தியடிகள். பின்னால் பல சமயங்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும். தண்டி யாத்திரையை நினைவூட்டும் இச்சிற்பத்தைப் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. உழைப்பாளர் சிலையைத் தமிழகத்துக்குத் தந்தவரும் அவரே.

இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்கபூர் பகுதியில், 1899-ல் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். சென்னை ஓவியக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929-ல் ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் என நாட்டங்கள் பல இருந்தபோதிலும், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அப்பள்ளியே அவரது உலகமாயிற்று.

அரசர்களுக்கும் ஆளுநர்களுக்கும் பொது இடங்களில் சிலை எழுந்த காலம் ஒன்று இருந்தது. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது வீற்றிருக்கும் மன்றோவே அதற்குச் சாட்சி. அந்நகரின் கடற்கரையில், 1959-ல், பாறையைப் பெயர்க்கும் பெயரற்ற நான்கு தொழிலாளர்களை ராய் சௌத்ரி நிறுத்தினார். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரை என்பதால் அதன் பொருள் மேலும் ஆழமாயிற்று.

பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்ற முயன்று 1942 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஏழு மாணவர்களுக்கும் அவரே நினைவுச் சின்னம் வடித்தார். வீழ்பவர்களுக்கு நடுவே கொடி மட்டும் முன்னேறும் காட்சி அது.

1954-ல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சென்னைப் பள்ளியில் அவரது மாணவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1957-ல் அதன் முதல்வரானார். பணிக்கரிடம் பயின்றவர் கானாயி குஞ்ஞிராமன். பாலக்காட்டுத் தமிழர் வாழும் கல்பாத்திக்கு அருகே, மலம்புழை அணைப் பூங்காவில், 1969-ல் அவர் அமைத்த யட்சி சிலை ஆடையற்றிருந்ததால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு வருவோர் பலர் இன்று அச்சிலையையும் கண்டு செல்கின்றனர். சென்னைப் பள்ளியின் மரபு இவ்வாறு கேரளத்திலும் வேரூன்றியது.

ராய் சௌத்ரி 1975 அக்டோபரில் மறைந்தார். தில்லிச் சிற்பத்தின் உருவம் பின்னர் 500 ரூபாய் நோட்டில் இடம்பெற்று, 2016-ல் அந்நோட்டு செல்லாததாகும்வரை கோடிக்கணக்கானோரின் கைகளில் புழங்கியது. படைத்தவரின் பெயரை அறிந்தவர்கள்தாம் மிகச் சிலர்.