பட்டம் பெறாத பொறியாளர்

மெக்கட்ரானிக்ஸ் படிப்பில் இயந்திரமும் மின்சாரமும் எலெக்ட்ரானிக்ஸும் கணிப்பொறியும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்கின்றன. முதலாண்டில் அவர்களுக்குப் பௌதிகமும் உண்டு. அந்த வகுப்புத் தம்பிகள் இருவர், தேர்வுக்கு முந்திய இரவு என் அறைக்கு வந்து, ரோபோ செய்ய வந்தவர்களுக்குக் காந்தப்புலம் எதற்கு என்று முறையிட்டனர். அன்று பதிலாக ஒருவர் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மூவரும் உறங்கிவிட்டோம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23ஆம் நாள் பிறந்தார் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி. எனவே உலகம் அவரை ஜி. டி. நாயுடு என்றே அறியும். வீட்டிலே தெலுங்கும் வீதியிலே தமிழுமாக வாழ்ந்த குடும்பம் அது. ஆகவே ஐதராபாத்துத் தோழர்கள் அவரில் பங்கு கேட்டால் நாம் சண்டையிட வேண்டாம். தாராளமாகப் பாதி கொடுத்துவிடலாம்! பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; வண்டி ஓடுகிறது! கண்ட இளைஞருக்கு அன்று முதல் ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. கோவைக்குப் போனார், ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் மெச்சச் சவாரி செய்தாரா? இல்லை. முழுவதையும் பிரித்துப் போட்டார், பிறகு பூட்டினார்.

இங்கேதான் நம் தம்பிகள் கவனிக்க வேண்டும். அக்காலத்து மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறி எங்கிருந்து வந்தது? மாக்னெட்டோ என்னும் சிறு பொறியிலிருந்து. காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றைச் சார்ந்து ஒன்று சுழல, சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்ட உண்மை அது. நாம் கரும்பலகையில் குறியீடாகப் படிப்பதை அவர் விரல் நுனியில் எண்ணெய்க் கறையோடு படித்தார். அவ்வளவே வேற்றுமை.

1920இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டி யூ. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அதை விரித்துரைக்க இங்கு இடமில்லை. என்னைக் கவர்வது பஸ் அன்று, மோட்டார்.

பைக்காராவின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் 1930களில் கொங்கு நாட்டுக்கு வந்தது. கிணறுகள் ஆழமானவை, கவலை இறைத்து மாடுகள் ஓய்ந்தன. மின்சாரம் இருந்தும் மோட்டார் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின்மோட்டாரைச் செய்தனர். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அதுவே என்பர். காந்தப்புலத்தில் உள்ள கம்பியில் மின்னோட்டம் சென்றால் கம்பி தள்ளப்படும். தம்பிகள் அன்றிரவு வெறுத்த பாடம் இதுதான்! இன்று அவர்கள் செய்யும் ரோபோவின் ஒவ்வொரு மூட்டிலும் அதே தள்ளுதலே வேலை செய்கிறது.

மோட்டாரைச் சிறிதாக்கி, உலர்மின்கலத்தால் இயங்கும் ‘ரசாந்த்’ சவரக் கருவியையும் படைத்தார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் கை சும்மா இருந்ததே இல்லை. 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம்பிடித்து வந்தவரும் அவரே. 1952இல் இரண்டாயிரம் ரூபாயில் இருவர் செல்லும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். சர்க்கார் உற்பத்திக்கு உரிமம் தரவில்லை. கார் அதோடு நின்றது. நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

1945இல் கோவையில் அவருடைய நன்கொடையால் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கலாசாலை எழுந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. பள்ளியை வெறுத்தவர் அதன் தலைவராக அமர்ந்தார்! ஆனால் சர்க்கார் நான்காண்டுப் படிப்பை வற்புறுத்தியது. நாயுடுவோ இரண்டாண்டுகளே போதும், மிகுதி எல்லாம் மாணவரின் காலத்தை வீணாக்குவது என்றார். இருதரப்பும் இறங்கி வரவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

யார் பக்கம் நியாயம்? பட்டறையில் கற்க வேண்டியதைப் பலகையில் எழுதிக் காட்டி நாட்களைக் கடத்துகிறோம் என்பது உண்மை. அந்த மட்டில் அவர் கட்சியே என் கட்சி. ஆயினும் பிரித்துப் பூட்டினால் கண்ட பொறி விளங்கும். காணாத பொறியைக் கணக்குத்தான் காட்டும். மாக்ஸ்வெல் சமன்பாடுகளை எந்த ஸ்பானராலும் கழற்ற முடியாது. நாயுடு போன்ற விரல்கள் படைத்தோர் வகுப்பில் எத்தனை பேர்? எஞ்சிய நமக்கு நான்காண்டுகளும் வேண்டியே இருக்கின்றன. இதைச் சொன்னால் அவர் என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவிநாசிச் சாலையில் அவருடைய கருவிகள் கண்காட்சியாக இருக்கின்றன. அதே சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரால் திறக்கப்பட்டது. நம் தம்பிகள் இருவரும் கோவைக்காரர்கள். கண்காட்சி வாசலைக் கடந்தே பள்ளிக்குப் போய் வந்தவர்கள். உள்ளே மட்டும் போனதில்லையாம். கோடை விடுமுறைக்கு ரயிலில் மூன்று இடங்கள் பதிவு செய்திருக்கிறோம்.