ஸ்பிட்ஃபயர் விமானத்தை உருவாக்கிய மிட்செல்

1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் நாள். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள சவுத்தாம்ப்டனை அடுத்த ஈஸ்ட்லீ விமானத் தளத்திலிருந்து ஒரு சிறிய போர் விமானம் மேலெழுந்தது. அதற்கு முன்பு அது ஒருமுறைகூட வானில் பறந்ததில்லை. சோதனை விமானி சில நிமிடங்கள் பறந்துவிட்டு அதைப் பத்திரமாகத் தரையிறக்கினார். கீழே நின்று அதை உற்றுநோக்கியவர்களுள் அதன் தலைமை வடிவமைப்பாளரும் ஒருவர். அவர்தாம் ரெஜினால்டு ஜோசப் மிட்செல். அந்த விமானம் பின்னர் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்றது.

மிட்செல் 1895-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷியர் மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஓர் ஆசிரியர். சிறுவயதிலேயே மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவதில் மிட்செலுக்கு ஆர்வம் அதிகம். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, நீராவி இரயில் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். பகலில் பட்டறையில் உழைத்தார். இரவு வகுப்புகளில் பொறியியல் வரைபடம், இயந்திரவியல், கணிதம் ஆகியவற்றைக் கற்றார்.

1917-ஆம் ஆண்டு, சவுத்தாம்ப்டனின் வுல்ஸ்டன் பகுதியில் ஆற்றங்கரையில் அமைந்திருந்த சூப்பர்மரின் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நீரிலிருந்து எழும்பிப் பறக்கும் விமானங்களைச் செய்வது அந்நிறுவனத்தின் சிறப்பு. அவருடைய திறமையைக் கண்ட நிறுவனம், இரண்டே ஆண்டுகளில் அவரைத் தலைமை வடிவமைப்பாளராக உயர்த்தியது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அக்காலத்தில் கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயம் புகழ்பெற்று விளங்கியது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற பந்தயத்திற்கு மிட்செல் ஒரு புதுமையான விமானத்தை அனுப்பினார். பந்தயத்திற்கு முன்பே அது நீரில் விழுந்து நொறுங்கியது. விமானி உயிர் தப்பினார். மிட்செல் மனம் தளரவில்லை. விமானத்தைத் திருத்தி அமைத்தார். 1927, 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் அவருடைய விமானங்கள் தொடர்ந்து வென்றதால், கோப்பை பிரிட்டனுக்கே நிரந்தரமாகச் சொந்தமானது. 1931-ஆம் ஆண்டு அவருடைய விமானம் மணிக்கு 650 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது.

அடுத்ததாக, அவர் விமானப் படைக்காக ஒரு போர் விமானத்தை வடிவமைத்தார். தடித்த இறக்கைகளையும் மடங்காத சக்கரங்களையும் கொண்ட அவ்விமானம் எதிர்பார்த்த வேகத்தில் பறக்கவில்லை. இதற்கிடையே, 1933-ஆம் ஆண்டு மிட்செலுக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. பெரிய அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும், அவர் ஓய்வெடுத்துக்கொள்ளாமல் மீண்டும் வரைபலகையின் முன் அமர்ந்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

முதல் விமானத்தின் குறைகளே புதிய விமானத்திற்குப் பாடமாயின. இறக்கைகள் மெல்லியவையாக இருந்தால் காற்றின் எதிர்ப்புக் குறையும். ஆனால், துப்பாக்கிகளையும் சக்கரங்களையும் அவற்றினுள் அடக்க இடம் வேண்டும். மிட்செலும் அவருடைய குழுவினரும் இறக்கைகளை நீள்வட்ட வடிவில் அமைத்து இச்சிக்கலைத் தீர்த்தனர். சக்கரங்கள் உள்ளே மடங்கின. ஆற்றல்மிக்க ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இயந்திரமும் பொருத்தப்பட்டது. முதல் பறத்தல் முடிந்த மூன்றே மாதங்களில், 310 விமானங்களைச் செய்து தருமாறு அரசாங்கம் கேட்டுக்கொண்டது.

ஆனால், நோய் மீண்டும் தலைதூக்கியது. 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் மிட்செல் தமது 42-ஆவது வயதில் காலமானார். தொழிற்சாலையிலிருந்து படைக்குச் சென்ற ஒரு ஸ்பிட்ஃபயரைக்கூட அவர் காணவில்லை. அவருடன் பணியாற்றிய ஜோசப் ஸ்மித் அப்பணியைத் தொடர்ந்தார்.

1940-ஆம் ஆண்டு ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது, ஹரிக்கேன் விமானங்களுடன் ஸ்பிட்ஃபயர்களும் நாட்டைக் காத்து நின்றன. அவ்வாண்டு செப்டம்பரில் வுல்ஸ்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது, பலர் உயிரிழந்தனர். எனினும், வேலை நிற்கவில்லை. வாகனப் பட்டறைகள், பேருந்துப் பணிமனைகள், சலவை நிலையங்கள் ஆகிய இடங்களில் விமானப் பாகங்கள் செய்யப்பட்டன. பிற நகரங்களில் செய்யப்பட்டவற்றையும் சேர்த்து மொத்தம் இருபதாயிரத்திற்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் உருவாயின.

அவ்விமானத்தின் வரலாறு நம் வட்டாரத்தையும் தொட்டுச் செல்கிறது. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று மலாயாவின் காடுகளைப் படம்பிடிக்கச் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து புறப்பட்டது. அப்படையின் போர்ப்பணியில் அவ்வகை விமானம் மேற்கொண்ட இறுதிப் பயணம் அதுவே.

தோல்வியும் நோயும் மிட்செலின் வாழ்வில் ஒருசேர வந்தன. தோல்வியிலிருந்து பாடம் கற்றார். நோய் விட்டுவைத்த சில ஆண்டுகளைத் தம் பணிக்கே கொடுத்தார். அவர் விதைத்ததன் பயனை அவர் காணாவிடினும் அவருடைய நாடு கண்டது.