பட்டம் 19, ஏக்கம் ஒன்று!
விம்பிள்டன் வீராங்கனை எலிசபெத் ரயானின் கதை

1979-ம் ஆண்டு ஜுலை மாதம் 6-ந் தேதி.

லண்டன் மாநகரில் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயம் நடந்து கொண்டு இருந்தது. முடிய இன்னும் ஒரு நாளே பாக்கி.

பந்தயம் நடக்கும் இடத்துக்கு வந்து இருந்த ஒரு மூதாட்டி திடீர் என்று மயங்கி விழுந்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 87.

அந்த மூதாட்டி யார்?

அவர்தான் எலிசபெத் ரயான். அதே விம்பிள்டனில் 19 பட்டங்கள் வென்றவர். 45 ஆண்டுகளாக அந்த எண்ணிக்கையை யாராலும் தாண்ட முடியவில்லை. மறுநாள் அந்தச் சாதனைக்கு ஒரு சோதனை காத்து இருந்தது.

அமெரிக்கப் பெண்

எலிசபெத் ரயான் 1892-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம் என்ற ஊரில் பிறந்தார். தோழிகள் அவரை "பன்னி" என்று செல்லமாக அழைப்பார்கள். முயல் குட்டி என்று பொருள்.

இளம் வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தார். வாழ்நாளின் பெரும் பகுதியை அங்கேயே கழித்தார்.

1914-ம் ஆண்டில் ரஷ்யாவுக்குச் சென்று, ஒற்றையர் சாம்பியன் பட்டம் பெற்றார். ஜார் மன்னர் ஆட்சியில் நடந்த கடைசி சாம்பியன் போட்டி அது. அதே ஆண்டு விம்பிள்டனில் அகதா மார்ட்டனுடன் சேர்ந்து பெண்கள் இரட்டையர் பட்டம் வென்றார். அது முதல் பட்டம். அப்போது அவருக்கு வயது 22.

உடனே முதல் உலகப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் விம்பிள்டனில் பந்தயமே இல்லை.

இரட்டையர் ஆட்டம்

டென்னிஸில் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடுவது ஒற்றையர் ஆட்டம். இருவருக்கு எதிராக இருவர் ஆடுவது இரட்டையர் ஆட்டம். ஒற்றையர் ஆட்டத்துக்கு மைதானத்தின் அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. இரண்டு மாடுகள் ஒரு வண்டியை இழுப்பது போல, இருவரும் ஒன்றாக இயங்க வேண்டும். கூட்டாளி முன்னே போனால் எங்கே நிற்பது, பின்னே போனால் எங்கே ஓடுவது என்பது தெரிய வேண்டும்.

இந்தக் கலையில் ரயான் மன்னி. வலை அருகே வந்து நின்று கொள்வார். பந்து தரையில் விழும் முன்பே அடித்து விடுவார். மட்டையால் பந்தைச் சீவி அடிப்பதிலும் வல்லவர். அந்தப் பந்து சுழன்று கொண்டே போய்த் தாழ்வாக எழும்பும். எதிரி திணறிப் போவார்.

தோல்வி அறியாத ஜோடி

போர் ஓய்ந்து, 1919-ம் ஆண்டில் மீண்டும் பந்தயம் தொடங்கியது. ரயானுக்கு ஒரு புதிய கூட்டாளி கிடைத்தார். அவர் பெயர் சூசன் லெங்லென். பிரான்சு நாட்டுப் பெண். உலகமே வியந்த வீராங்கனை.

இந்த ஜோடி 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் வென்றது. 1924-ல் லெங்லென் உடல் நலம் குன்றி நடுவில் விலகினார். 1925-ல் மீண்டும் அந்த ஜோடிக்கே வெற்றி. விம்பிள்டனில் இருவரும் சேர்ந்து ஆடி ஒரு தடவை கூடத் தோற்றது இல்லை.

தோழியே எதிரி

1926-ம் ஆண்டில் இந்த ஜோடி பிரிந்தது. லெங்லென் தம் நாட்டுப் பெண்ணுடன்தான் ஆட வேண்டும் என்று பிரான்சு டென்னிஸ் சங்கம் விரும்பியது. லெங்லென் வருத்தத்துடன் டிடி விளாஸ்டோவைச் சேர்த்துக் கொண்டார். ரயான் அமெரிக்க வீராங்கனை மேரி பிரவுனுடன் சேர்ந்தார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! முதல் சுற்றிலேயே இந்த இரண்டு ஜோடிகளும் மோதின. நேற்று வரை தோளோடு தோள் நின்ற தோழிகள் வலைக்கு இரு புறமும் நின்றார்கள்.

முதல் செட்டை லெங்லென் ஜோடி 6-3 என்று வென்றது. இரண்டாவது செட்டில், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலைக்கு வந்து விட்டது. ரயான் அசரவில்லை. அந்த செட்டை 9-7 என்றும், அடுத்த செட்டை 6-2 என்றும் ரயான் ஜோடி வென்றது.

அந்தப் பந்தயத்தின் நடுவிலேயே லெங்லென் விலகினார். பிறகு அவர் விம்பிள்டனில் ஆடவே இல்லை. அதே ஆண்டில் பணத்துக்கு ஆடும் தொழில் ஆட்டக்காரர் ஆகி விட்டார். ரயானோ அந்த ஆண்டும் பட்டம் வென்றார்.

பிறகு ஹெலன் வில்ஸுடன் சேர்ந்து 1927, 1930 ஆண்டுகளிலும், பிரான்சின் சிமோன் மாத்தியூவுடன் சேர்ந்து 1933, 1934 ஆண்டுகளிலும் வென்றார். மொத்தம் 12 பெண்கள் இரட்டையர் பட்டங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் 7 பட்டங்கள்.

தீராத ஏக்கம்

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் மட்டும் அவருக்குக் கிட்டவே இல்லை.

1921-ல் விம்பிள்டன் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை வந்தார். எதிரே நின்றவர் லெங்லென்! 6-2, 6-0 என்று ரயான் தோற்றார். 1930-ல் மீண்டும் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் ஹெலன் வில்ஸ் மூடி! 6-2, 6-2 என்று தோற்றார். இரட்டையர் ஆட்டத்தில் கை கோத்தவர்களே ஒற்றையர் ஆட்டத்தில் வழி மறித்தார்கள்.

1926-ல் அமெரிக்க சாம்பியன் போட்டியில் பட்டம் கைக்கு எட்டியது. கடைசி செட்டில் ரயான் 4-0 என்று முன்னணியில் இருந்தார். பிறகு ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற கட்டமும் வந்தது. ஆனால் 42 வயதான மோலா மல்லோரி விடாமல் போராடி, 9-7 என்று அந்த செட்டை வென்று விட்டார்.

கடைசி நாள்

1934-க்குப் பின் ரயான் பந்தயங்களை விட்டு, டென்னிஸ் சொல்லிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டார். ஆனால் விம்பிள்டனை மறக்கவில்லை.

1975-ம் ஆண்டில் அமெரிக்க வீராங்கனை பில்லி ஜீன் கிங் 19 பட்டங்களை எட்டிப் பிடித்தார். இன்னும் ஒன்று வென்றால் ரயான் பின்னுக்குப் போய் விடுவார். தம் சாதனை முறியும் நாளைக் காணத் தாம் உயிரோடு இருக்கக் கூடாது என்று ரயான் எண்ணியதாகச் சொல்வார்கள்.

1979-ல் கிங், மார்ட்டினா நவரத்திலோவாவுடன் சேர்ந்து பெண்கள் இரட்டையர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். ஜுலை 7-ந் தேதி ஆட்டம். முதல் நாள் ரயான் கண்ணை மூடினார். மறுநாள் கிங் தமது 20-வது பட்டத்தை வென்றார்.

அன்று கிங்குடன் ஆடிய நவரத்திலோவாவும் 2003-ல் நம் நாட்டு வீரர் லியாண்டர் பயசுடன் சேர்ந்து வென்று, 20 பட்டங்களை எட்டினார்.

ஆனால் விம்பிள்டனில் பெண்கள் இரட்டையர் பட்டத்தை 12 முறை வென்றவர் ரயான் ஒருவர்தான். தனித்து நின்று பெற முடியாத புகழைத் துணையோடு நின்று பெற்றார் அவர்.