சரித்திராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார்

புதுக்கோட்டைச் சீமையில் ஆவூருக்குச் செல்வோர் அங்குள்ள பழைய பெரியநாயகி மாதா கோயிலைக் கண்டு வருவர். ஆனால் அப்பக்கத்துப் பூமியின் சரித்திரம் பாதிரிமார் வருகைக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. விராலிமலைக்கு அப்பால் கொடும்பாளூரில் இருக்குவேளிரின் மூவர் கோயில் நிற்கிறது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. இவ்வூர்களுக்குப் பாரத தேசத்தின் சரித்திரத்தில் இடம் உண்டா? அந்நிய ஆட்சியில் நம் சிறுவர் படித்த பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் கங்கைக் கரையோடு நின்றன. தென்னாடு அவற்றில் ஒரு பிற்சேர்க்கையாகவே இருந்தது. இக்குறையைத் தீர்க்க வாழ்நாள் முழுதும் உழைத்த பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரை நாம் மறத்தல் தகாது.

1892-ம் வருஷம் கல்லிடைக்குறிச்சியில் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்று தேறினார். திருநெல்வேலி ஹிந்து கலாசாலையிலும், காசி ஹிந்து சர்வகலாசாலையிலும், சிதம்பரம் மீனாட்சி கலாசாலையிலும் ஆசிரியராயிருந்தார். 1929-ல் சென்னைச் சர்வகலாசாலையின் இந்திய சரித்திரப் பேராசிரியராகி, 1946 வரை அப்பதவியை வகித்தார். பாண்டிய ராஜ்யத்தைப் பற்றிய அவரது நூல் 1929-ல் வெளிவந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட சாசனங்களைத் தொகுத்துப் பிரசுரித்ததும் அதே வருஷந்தான். சோழர் சரித்திரம் 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக வந்தது.

அவருடைய முறை யாது? கர்ண பரம்பரைக் கதைகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. கல்லிலும் செப்பேட்டிலும் கண்டதையே முதலாகக் கொண்டார். உத்தரமேரூர்ச் சாசனங்களை ஆராய்ந்து, முதற் பராந்தகன் காலத்துக் கிராம சபையின் குடவோலை முறையை விளக்கினார். சுயராஜ்யம் வேண்டி நின்ற நம்மவர்க்கு அது பெருமிதம் தந்தது. ஆயினும் அச்சபையில் அங்கம் பெற நிலமும் வீடும் கல்வியும் வேண்டியிருந்தன என்பதையும் அச்சாசனங்களே கூறுகின்றன. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது தேசபக்தியாகாது.

சோழரைக் கடல் கடந்தும் தொடர்ந்தார். ஸ்ரீவிஜயத்தின் சரித்திரத்தை 1949-ல் வெளியிட்டார். தென்னிந்திய சரித்திரம் 1955-ல் வந்தது. மைசூர்ச் சர்வகலாசாலையிலும் பணியாற்றி, 1975-ல் காலமானார்.

அவரிடம் குறை காண்போரும் உளர். தமிழ் நூல்களுக்கு அவர் போதிய மதிப்புத் தரவில்லை என்றும், வடமொழிச் சார்பு மிகுந்தவர் என்றும் தமிழறிஞர் சிலர் கூறினர். இவ்வாதத்தை முற்றும் தள்ளிவிட இயலாது. அவர் தம் பெருநூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். எந்த ஜனங்களின் சரித்திரமோ அந்த ஜனங்கள் அதைத் தம் பாஷையில் படிக்கப் பல வருஷங்கள் காத்திருக்க நேர்ந்தது. இது நமக்கும் பெருங்குறையே. ஆனால் அவர் திரட்டி வைத்த ஆதாரங்களின்றி அவரை மறுக்கவும் ஒருவராலும் முடியாது.

தமிழன் என்ற உணர்ச்சியும் இந்தியன் என்ற உணர்ச்சியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்வின் பயன் என்று நாம் கருதுகிறோம். அன்பர்களே, திருப்பணி என்ற பெயரால் நம் கோயிற் கற்களில் சுண்ணாம்பு பூசுவதையும், எழுத்துள்ள பலகைகளைப் பெயர்த்தெறிவதையும் இனியும் பொறுத்திருக்கலாமா? நம் ஊர்ச் சாசனத்தை நாமே காவாதிருந்தால், நாம் யார் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டிவரும்.